என் பெயரில் மாமா கேட்ட கேள்விகள்

எனக்கு ஒன்பது வயதானபோது கடைவாயில் ஒரு பால்பல் ஆட ஆரம்பித்தது. அது ஊரைக் கூட்டுகிற விஷயமில்லை. நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருப்பேன். வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போது அது ஒரு நல்ல துணை. அந்தப் பல்லைக் காட்டுவதற்காக மாமா என்னைப் பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் வரை கூட்டிக்கொண்டு போனார், இரண்டு பஸ் மாறி, ஒரு சனிக்கிழமையை முழுசாகச் செலவழித்து. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த நாள் தெளிந்த குளத்தின் அடியில் கிடப்பதுபோல் இருக்கிறது. எல்லாம் தெரிகிறது, ஆனால் லேசாக அசைந்துகொண்டே இருக்கிறது.

மாமா என்பது அம்மாவின் தம்பி. பலாப்பழ வியாபாரி. பழத்தின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, இது புதன்கிழமை பழுக்கும், இது இன்றைக்குச் சாயங்காலமே வாசனை விடும் என்று சொல்வார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். நடக்காவிட்டால் பழத்தின் மேல் குற்றம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மண்டியில் அவர் பேசினால் எதிர்வரிசையில் லாரிக்கு அடியில் தூங்குகிற நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். இடது கன்னத்தில் எப்போதும் கொஞ்சம் புகையிலையை ஒதுக்கி வைத்திருப்பார். அந்தக் கன்னம் மற்றதைவிடச் சற்றுப் புடைத்திருக்கும். கடவுள் அவரை அப்படித்தான் படைத்தார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் அத்தைக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து கம்மாபுரத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா மூன்று வேளையும் திருவதிகையில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மா வைக்கும் குழம்பை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளிப்பார். பிறகு தட்டில் தண்ணீரை ஊற்றிக் கரைத்துச் சாப்பிடுவார். என்னைப்போல் சின்னப் பிள்ளை ஆகிவிட்டார் என்று சொல்லி நான் சிரிப்பேன். மாமாவும் சிரிப்பார், வாயைத் திறக்காமல்.

அப்படி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் என் பல் ஆடுவதை அவர் கவனித்தார். கவனித்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“பாப்பாவ டாக்டருகிட்ட காட்டணும்க்கா. சனிக்கெழம சிதம்பரம் கூட்டிட்டுப் போறேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பால் பல்லுக்கு யாருடா டாக்டருகிட்ட போவாங்க? நாலு நாள்ல அதுவே வுழுந்துடும்.”

“நீ சும்மா இருக்கா. அடுத்த பல்லு கோணலா மொளச்சிதுன்னா?”

“சரி, பண்ருட்டியில டாக்டரே இல்லியா? கடலூர்ல இல்லியா? சிதம்பரத்துக்கு எதுக்கு?”

“அங்க ஒரு லேடி டாக்டரு இருக்காங்களாம். பசங்களுக்கு வலிக்காம பாப்பாங்களாம்.”

அம்மாவுக்கு இது விளங்கவில்லை. தம்பிக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, அதனால் பிள்ளைகள்மேல் திடீரென்று பாசம் பொங்குகிறது என்று எடுத்துக்கொண்டாள். எனக்கு எதுவும் விளங்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோர சீட்டு கிடைக்கும் என்பது போதும்.

சனிக்கிழமை காலை என் தீபாவளி கவுனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடலூரில் இறங்கிச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். ஆடிக் காற்று பஸ்ஸுக்குள் புகுந்து எல்லோர் தலைமயிரையும் ஒரே பக்கமாகப் படிய வைத்தது. சவுக்குத் தோப்புகள் வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின. இடையிடையே இறால் குட்டைகளில் வானம் விழுந்து கிடந்தது. அவற்றின் நடுவில் இரும்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்து நுரையாக்கிக்கொண்டிருந்தன. யாருக்காக அத்தனை தண்ணீரைக் கடைகிறார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். வேறு நாளாக இருந்தால் இறாலின் குலம் கோத்திரம் முழுவதையும் சொல்லியிருப்பார். அன்று “ம்” என்றார். அந்த “ம்” எனக்குப் போதுமானதாக இருந்தது. தூக்கம் வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். சட்டைப் பையில் இருந்த புகையிலைப் பொட்டலம் என் காதருகே சரசரவென்று பேசிக்கொண்டே வந்தது.

டாக்டரின் இடம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. படியேறும்போதே கிராம்பு வாசனை வந்தது. காத்திருக்கிற பெஞ்சில் தாடை வீங்கிய ஒரு பெண்ணும், கைக்குட்டையில் தன் பல்செட்டை முடிந்து வைத்திருந்த ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் முடிச்சை அவிழ்த்து அதை எனக்குக் காட்டினார். ராத்திரியில் இதைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டுமா, போட்டுக்கொண்டே தூங்கலாமா என்று கேட்கத்தான் வந்தாராம். போட்டுக்கொண்டு தூங்கினால் கனவில் முறுக்கு தின்னலாம் என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாயின் படம். கீழே ஏதோ எழுதியிருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்ததும் என்னைத் திருப்பித் தன் மறுபக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

உள்ளே அழைத்தார்கள். அங்கே ஒரு பெரிய நாற்காலி. ஏறிப் படுத்ததும் டாக்டரம்மா காலால் எதையோ அமுக்கினார். அது என்னை ஏந்திக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தது. கால்கள் மேலே வந்தன, தலை கீழே போயிற்று. ஜன்னலில் கோயில் கோபுரத்தின் உச்சி தலைகீழாகத் தொங்கியது. அதைச் சுற்றிப் புறாக்கள் வானத்தின் தரையில் நடந்துகொண்டிருந்தன. முகத்துக்கு நேராக விளக்கு எரிந்ததும் உலகம் முழுக்க மஞ்சளாகி, குரல்கள் மட்டும் மிஞ்சின.

டாக்டரம்மாவுக்கு அம்மாவைவிட வயது அதிகம் இருக்கும். என் பல்லோரம் கொஞ்சம் பஞ்சை வைத்துவிட்டு, விரலால் பல்லை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

“இது இன்னும் ரெண்டு மூணு நாள்ல தானா விழுந்துடும். கீழ புதுப் பல்லு நேராத்தான் வருது. ஒண்ணும் பண்ண வேணாம். அழகா இருக்கா பாப்பா.”

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மாமா என் கால்மாட்டில் நின்றபடி தொண்டையைச் செருமினார்.

“இல்லீங்க டாக்டர், பாப்பாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்குது. மேல்பல்லப் புடுங்குனா கண்ணு பார்வ போயிடும்னு எங்க பக்கம் சொல்றாங்க. பாப்பா ரொம்ப பயப்படுது.”

ஆடியது கீழ்ப்பல். எனக்குப் பயமும் இல்லை. ஆனால் வாயில் பஞ்சு இருந்தது.

டாக்டரம்மா மாமாவைப் பார்த்தார். பிறகு என்னிடமே பதில் சொன்னார். “கண்ணுக்குப் போற நரம்பு வேற, பல்லுக்குப் போற நரம்பு வேற. மேல்பல்லு எடுத்தா கண்ணுக்கு எதுவும் ஆகாது, சரியா?”

நான் தலையாட்டினேன்.

“அப்பறம், கிளீன் பண்ணா பல்லெல்லாம் லூசாயிடும்ங்கறாங்களே. பாப்பா அதையுங் கேட்டுச்சு.”

“பாப்பா கேட்டாளா?” டாக்டரம்மாவின் குரலில் சிரிப்பு இருந்தது. “பல்லச் சுத்திக் காரை படிஞ்சு சிமெண்ட் மாதிரி புடிச்சிட்டிருக்கும். அத எடுத்ததும், ஏற்கெனவே ஆடிட்டிருந்த பல்லு ஆடறது தெரியும். கிளீன் பண்றதால ஆடறது இல்ல. அப்படியே வுட்டாத்தான் ஈறு கெட்டுப் பல்லு வுழும்.”

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மண்டியில் ஏலம் விடுகிறவர்போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் பல் வெளுக்குமா? வெளுக்காது, தேயும். கிராம்பு வைத்தால் சொத்தை சரியாகிவிடுமா? வலிதான் கொஞ்ச நேரம் அடங்கும், சொத்தை அப்படியேதான் இருக்கும். பல்லைப் பிடுங்கிவிடுவது நல்லதா, வேருக்குச் சிகிச்சை செய்து வைத்துக்கொள்வது நல்லதா? காப்பாற்ற முடிகிறவரை சொந்தப் பல்லுக்கு ஈடு எதுவும் இல்லை. காலையில் தேய்த்தால் போதாதா, ராத்திரியும் தேய்க்க வேண்டுமா? ராத்திரிதான் முக்கியம். ஊசி போட்டால் வலிக்குமா? எறும்பு கடிக்கிற மாதிரி. ஒவ்வொரு கேள்வியும் “பாப்பா கேக்குது” என்றே முடிந்தது. எனக்குள் இவ்வளவு அறிவு இருந்தது எனக்கே தெரியாது. நாற்காலியில் படுத்தபடி, விளக்கின் மஞ்சளில் மிதந்தபடி, என் கேள்விகளை நானே பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமாவின் குரல் தணிந்தது.

“அப்பறம் பாப்பாவுக்கு... வாயில ஒரு புண்ணு இருந்துச்சின்னா டாக்டர், எத்தினி நாள்ல ஆறும்?”

“சாதாரணப் புண்ணுன்னா ஒரு வாரம், பத்து நாள். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா கண்டிப்பா காட்டணும். எங்க, பாப்பா, வாயத் தொற, பாப்போம்.”

பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: “எனக்கு ஒண்ணும் புண்ணு இல்லியே.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். நாற்காலி என்னை நிமிர்த்தியது, கோபுரம் நேரானது. “பாப்பா, நீ எறங்கிக்கோ,” என்றார். “மாமா உக்காருங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வலிகூட இல்ல.”

“வலி இருக்கான்னு நான் கேக்கலியே. உக்காருங்க.”

அவ்வளவு பெரிய உடம்பு அந்த நாற்காலியில் ஏறியபோது பள்ளிக்கூடத்துப் பையன்போல் இருந்தது. கால்கள் வெளியே நீண்டு தொங்கின. டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து அவர் இடது கன்னத்தை உள்ளிருந்து ஒதுக்கிப் பார்த்தார். என் வாயைப் பார்த்ததைவிட வெகுநேரம் பார்த்தார். விரல்விட்டுத் தடவினார். பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும், மெதுவாக அழுத்தி அழுத்திப் பார்த்தார். மாமா பழத்தைத் தட்டிப் பார்த்துக் காத்திருக்கிற மாதிரியே அவரும் காத்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

“எத்தன நாளா?”

“பலா சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னால இருந்து.”

அப்படியென்றால் ஐந்து மாதத்துக்கும் மேல். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, அலமாரியிலிருந்து ஒரு பெரிய பல்வரிசைப் பொம்மையையும் முழங்கை நீளத்துக்கு ஒரு பிரஷ்ஷையும் எடுத்துக் கொடுத்தார். வெளியே உட்கார்ந்து முப்பத்திரண்டு பல்லையும் நன்றாகத் தேய்த்துவிட்டு வா என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்தேன். பல்செட்டுப் பெரியவர் எனக்கு மேற்பார்வை பார்த்தார். உள்ளே டாக்டரம்மாவின் குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. துண்டு, டெஸ்ட், பாண்டிச்சேரி, சீக்கிரம் என்று சில வார்த்தைகள் மட்டும் கதவைத் தாண்டி வந்தன. மாமாவின் குரல் வரவே இல்லை. அவர் இருக்கிற அறையிலிருந்து அவர் குரல் வராமல் இருந்தது அதுவே முதல்முறை. பொம்மைக்கு இருபத்தெட்டுப் பல்தான் இருந்தது, அதை யாரிடம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு கவர் இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். படியில் இறங்கித் தெருவுக்கு வந்ததும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவர்போல் நின்றார்.

“போட்ல போலாமா பாப்பா?” என்றார்.

பிச்சாவரத்துக்கு ஒரு டவுன் பஸ்ஸில் போனோம். துடுப்புப் படகு ஒன்றில் மாமாவும் நானும் படகுக்காரரும் மட்டும். காயல் முதலில் அகலமாக, வெயிலில் கண்ணைக் கூசவைத்தபடி கிடந்தது. பிறகு படகு ஒரு சின்னக் கால்வாய்க்குள் திரும்பியதும் சட்டென்று எல்லாம் பச்சையாக மாறிப்போனது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் தலைக்குமேல் கைகோத்து நின்றன. வேர்கள் தண்ணீருக்குள் விரல்விரலாக இறங்கியிருந்தன. காற்று நின்றுவிட்டது. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் எண்ணிவிடலாம் போலிருந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு எங்களைப் பார்த்துவிட்டுப் பறக்காமல் அப்படியே இருந்தது. நாங்கள் போவது தெரியவில்லை. மரங்கள்தான் எங்களைக் கடந்து எங்கோ போய்க்கொண்டிருந்தன.

மாமா சட்டைப் பையிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். கையைப் படகுக்கு வெளியே நீட்டினார்.

“தண்ணியில போடாதீங்க சார்,” என்றார் படகுக்காரர்.

“இல்ல, இல்ல,” என்று மாமா அதைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஆனால் பிரிக்கவில்லை.

அப்போது என் வாயில் ஏதோ கழன்றது. படகில் ஏறும் முன் வாங்கித் தந்த மாங்காய்ப் பத்தையோடு என் பல்லும் சேர்ந்து வந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். புளியங்கொட்டையில் பாதி இருக்கும், வேரே இல்லை. ரத்தம் துளிதான். மாமாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து, யாரோ கொடுத்த விலையுயர்ந்த பொருளைப்போல வெகுநேரம் பார்த்தார்.

“வலிச்சிதா?”

“இல்ல மாமா. திரும்ப மொளைக்கும்தானே?”

“ஒனக்கு மொளைக்கும்,” என்றார்.

பல்லை நான் தண்ணீரில் போட்டேன். அதற்குப் படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அது இறங்குவதைப் பார்க்கக் குனிந்தேன். பச்சைத் தண்ணீரில் ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச தூரம் போய்க் காணாமல் போனது. நிமிர்ந்து பார்த்தபோது மாமாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடுப்பு தண்ணீரை வாரி அடித்துவிட்டது என்று நினைத்தேன். என் கவுனின் ஓரத்தால் துடைத்துவிட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், கடலூர் வருவதற்குச் சற்று முன்னால் அவர் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தார்.

“டாக்டரம்மா என் வாயப் பாத்தாங்கன்னு அம்மாகிட்ட சொல்லக்கூடாது. என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணு.”

“ஏன் மாமா?”

“பெரிய ஆளு பல்லு டாக்டருகிட்ட பயந்துட்டான்னு எல்லாரும் சிரிப்பாங்க இல்ல? அதான்.”

நியாயமாகத்தான் பட்டது. சத்தியம் பண்ணினேன். தலையில் அடித்துப் பண்ணிய சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு என்ன நேரும் என்பது எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். திங்கட்கிழமை காலை அம்மா எனக்குத் தலைசீவிக்கொண்டிருந்தாள். ஒரு சடை பின்னி முடித்து ரிப்பன் கட்டியாயிற்று. மற்றதைப் பின்னிக்கொண்டே, தானாக விழுந்த பல்லுக்கு ஒரு நாள் கெட்டது, அந்த டாக்டர் அப்படி என்னதான் கிழித்தாள் என்று கேலி செய்தாள். டாக்டரம்மாவை அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு நல்லவர், எனக்குப் பெரிய பிரஷ்ஷெல்லாம் கொடுத்தவர்.

“என் வாய அஞ்சு நிமிஷங்கூட பாக்கல. மாமா வாயத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க. கழுத்தெல்லாம் அமுக்கிப் பாத்தாங்க. பாண்டிச்சேரிக்குக் கவர்கூட குடுத்தாங்க.”

சீப்பு என் தலையிலேயே நின்றது. அம்மா எழுந்தாள். செருப்புப் போடாமல் வாசலைத் தாண்டி, மாமா வீட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் தெருவில் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. அன்று ஒரு சடை பின்னியும் ஒரு சடை பின்னாமலும் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் காரணம் கேட்டதற்கு அம்மாவுக்கு அவசர வேலை என்று சொன்னேன்.

அதன்பிறகு மாமாவை மூன்று மாதம் பார்க்கவில்லை. பாண்டிச்சேரியில் பல் ஆபரேஷன் என்று எனக்குச் சொன்னார்கள். கம்மாபுரத்தில் அத்தைக்கும் அதையேதான் சொன்னார்கள். நடுவில் அத்தைக்குப் பெண்குழந்தை பிறந்தது. அம்மா பாண்டிச்சேரிக்கும் கம்மாபுரத்துக்கும் பஸ் மாறி மாறி இளைத்துப் போனாள். ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

“கன்னத்தையே வெட்டி எடுத்துட்டாங்கடி. தொடையில இருந்து சதைய எடுத்து ஒட்டியிருக்காங்க.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு ரொம்பச் சுலபம். அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். மீறினேன். வெட்டிவிட்டார்கள். தலையைத் தொட்ட கையைப் பார்க்கும்போதெல்லாம் கவுனில் துடைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித்தானே இவ்வளவும் வந்தது.

தீபாவளி கழித்து ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றார்கள். எல்லோரும் பார்க்கப் போனார்கள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். மறுநாளும் வயிற்றுவலி. மூன்றாம் நாள் மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வெளியே அம்மா மெதுவான குரலில் என்னவோ சொன்னாள். நான் சாப்பிடாமல் கிடப்பதை, தூக்கத்தில் “சத்தியம், சத்தியம்” என்று உளறியதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கட்டில் விளிம்பில் இரண்டு முழங்கால்கள் வந்து நின்றன. பிறகு மாமா கஷ்டப்பட்டுக் குனிந்து தரையில் உட்கார்ந்தார், தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். இடது கன்னம் உள்ளே போயிருந்தது. வாய் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு, காதுக்குக் கீழிருந்து கழுத்துவரை ஒரு தையல் கோடு. உடம்பு பாதியாகியிருந்தது. கண் மட்டும் அதே கண். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர் பேச ஆரம்பித்தார். வார்த்தைகள் ஈரமாக, உருண்டு உருண்டு வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏ புள்ள. நான் எதுக்கு ஒன்னியக் கூட்டிட்டுப் போனேன் தெரியுமா? ஒனக்கு வாயி நிக்காதுன்னு எனக்குத் தெரியும். அக்காகிட்ட சொல்ல எனக்கு தெகிரியம் இல்ல. நீ போயி சொல்லிடுவன்னுதான் சத்தியமே வாங்குனேன். இல்லன்னா நீ மறந்துட்டிருப்ப.”

நான் விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். “நெஜமாவா மாமா?”

“பின்ன? எம்மாம் பெரிய ஐடியா! நீ ரெண்டு நாளு லேட் பண்ணிட்ட. அதான் கோவம்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். இவ்வளவு பெரிய தந்திரத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை நினைத்து உடம்பெல்லாம் லேசாகிப் பறப்பதுபோல் இருந்தது. பெரியவர்களை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார் மாமா என்று சிரிப்பு வந்தது. அவர் சிரிக்க முயற்சி செய்தார். முகத்தின் பாதிதான் சிரித்தது.

மாமா பிழைத்துக்கொண்டார். சரியான நேரத்தில் வந்துவிட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பிள்ளை பிறந்தபிறகு வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். இன்றும் மண்டியில் உட்கார்ந்து பழத்தைத் தட்டிப் பார்க்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் பேச்சு புரிவதில்லை. அவர் மகள்தான் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்கிறாள்.

வெகுகாலம் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். கல்லூரி நாட்களில் தோழிகளிடம்கூட இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் அம்மாவும் நானும் பழைய பேச்சில் இருந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“அவன் அப்படியா சொன்னான் ஒங்கிட்ட?” என்றாள். “நான் அன்னிக்கிப் போயி நின்னதும் அவன் என்னா பேச்சு பேசுனான் தெரியுமா? அந்தப் புள்ள பொய் சொல்லுது, அப்படி ஒண்ணுமே நடக்கலன்னான். கவர எடுத்துக் காட்டுடான்னா, இல்லவே இல்லன்னு சாதிச்சான். நான்தான் வீடு பூரா கலைச்சி, அரிசி டின்னுக்குள்ள இருந்து எடுத்தேன். அப்பவும் கையெடுத்துக் கும்புட்டான். அவ பிரசவம் முடியட்டும்க்கா, அப்பறம் போறேன், யாருக்கும் தெரிய வேணாம்னு அழுதான். ஒங்க அப்பா வந்து இழுத்துட்டுப் போவ வேண்டியதாச்சி.”

அம்மா வேறு வேலைக்கு எழுந்து போய்விட்டாள்.

அந்த நாட்களில் அவரால் தண்ணீர்கூட ஒழுகாமல் குடிக்க முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் வாயோரம் தெறிக்கிற மாதிரி வலிக்குமாம். தேவையானதை எழுதிக் காட்டச் சொல்லியிருந்தார்களாம். அந்த வாயை வைத்துக்கொண்டு, அவ்வளவு நீளமான ஒரு பொய்யை, அவர் ஒரு ஒன்பது வயதுப் பெண்ணுக்காகத் தரையில் உட்கார்ந்து முழுசாகச் சொல்லி முடித்தார். நான் அன்று அவருக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி அம்மாவிடம் தட்டை நீட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது. மாமா ஒரு கையால் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.